பெங்களூரு நெரிசலில் சூடேறும் கார்: குளிர்விப்பு அமைப்பை வீட்டிலேயே மேம்படுத்துவது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இது. 2013-இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார், சில்க் போர்டிலிருந்து மாரத்தஹள்ளி வரை வெளிவட்டச் சாலையில் ஏசியுடன் ஊர்ந்து செல்லும் மாலைகளில் சூடேறுகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுச் சேலம் வழியாகத் திரும்புகையில் தொப்பூர் ஏற்றத்திலும் முள் சிவப்பை நெருங்கியது. கூலன்ட் சூடான பிறகே அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். நீங்களோ முழு அலுமினிய ரேடியேட்டரையும் பெரிய ஃபேனையும் வாங்கி, குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நீங்களே பொருத்த எண்ணியிருக்கிறீர்கள். எதில் தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டாம். ரேடியேட்டரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விற்கப்படும் ஒரு கார், ராஜஸ்தானின் 45 டிகிரி வெயிலிலும் ஏசியோடு ஓட வேண்டும் என்ற கணக்கில்தான் வடிவமைக்கப்படுகிறது. பெங்களூருவின் கோடையோ 38 டிகிரியைத் தாண்டுவதே அரிது. அப்படிப்பட்ட கார் இங்கே சூடேறுகிறது என்றால், ஆலையிலிருந்து வந்தபோது அதற்கு இருந்த திறனில் ஒரு பகுதியை அது எங்கோ இழந்திருக்கிறது. இழந்ததை மீட்காமல் பெரிய பாகங்களைப் பொருத்தினால், பழைய குறை அப்படியே இருக்க, அதன் மேல் புதுச் செலவு ஏறும். நான் பார்த்தவரை, பெரும்பாலான கார்களில் நல்ல கூலன்ட் (எஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்து செல்லும் திரவம்), சரியான ரேடியேட்டர் மூடி, தடையில்லாத காற்று, முழு வேகத்தில் சுழலும் ஃபேன் ஆகிய நான்குமே போதுமானவையாக இருந்தன.

முதலில், எப்போது சூடேறுகிறது என்பதைக் கூர்ந்து கவனியுங்கள். நின்றுகொண்டிருக்கும்போதும் ஊரும்போதும் சூடேறி, வண்டி 50 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் இறங்கினால், குறை காற்றோட்டத்தில் இருக்கிறது: ஃபேன், அதன் மின்னிணைப்பு, ரேடியேட்டர் முகத்தில் அடைந்த தூசி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மாறாக, நெரிசலில் ஒன்றும் ஆகாமல் நெடுஞ்சாலையிலும் ஏற்றத்திலும் மட்டும் சூடேறினால், குறை கூலன்டின் ஓட்டத்தில் இருக்கிறது: உள்ளே அடைத்த ரேடியேட்டர் குழாய்கள், தேய்ந்த வாட்டர் பம்ப், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் போன்றவை. உங்கள் கார் இரண்டிலும் சூடேறுகிறது. தொப்பூரில் மூன்றாவது கியரில் ஆளும் மூட்டையுமாக ஏறும்போது எஞ்சின் மிகுந்த வெப்பத்தை உண்டாக்கும். வேகம் குறைவாக இருப்பதால் எதிர்காற்றும் போதாது. ஆகவே அங்கே இரண்டு குறைகளும் ஒன்றாக வெளிப்படும். நெரிசலிலும் சூடேறுவதால் காற்றிலிருந்து தொடங்குவதே முறை. அதற்குச் செலவும் குறைவு.

அதற்கும் முன்னால் ஒரு சிறிய கருவி வாங்குங்கள். மீட்டரில் உள்ள முள்ளை நம்ப முடியாது. பல கார்களில் அது ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி வரை நடுவிலேயே அசையாமல் நிற்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். அது நகரத் தொடங்கும்போது நிலைமை முற்றியிருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள, காரின் கம்ப்யூட்டர் தரவுகளைத் தரும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் புளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கி, கைப்பேசிச் செயலியில் கூலன்ட் வெப்பநிலையை எண்ணாகப் பாருங்கள். நலமான பெட்ரோல் எஞ்சின் சாலையில் 85-லிருந்து 95 டிகிரிக்குள் ஓடும். நெரிசலில் 100-ஐ ஒட்டி ஏறி, ஃபேன் சுழன்றதும் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு வாரம் பார்த்துக் குறித்து வைத்தால், பிறகு செய்யும் ஒவ்வொரு வேலையும் எத்தனை டிகிரி பலன் தந்தது என்பது உங்களுக்கே தெரியும். அந்த எண் இல்லாமல் செய்யும் மேம்பாடு வெறும் நம்பிக்கைதான்.

இப்போது காற்று. பானெட்டைத் திறந்து முன்பக்கம் குனிந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது ரேடியேட்டர் அன்று. அது ஏசியின் கண்டென்சர். ரேடியேட்டர் அதற்குப் பின்னால், ஓரிரு விரல் இடைவெளியில் நிற்கிறது. அந்த இடுக்கில்தான் பத்தாண்டுத் தூசி, பூச்சி இறகு, சருகு, வெளிவட்டச் சாலையின் மெட்ரோ கட்டுமானத்திலிருந்து பறந்த சிமென்ட் துகள் எல்லாம் கம்பளம்போல் படிந்திருக்கும். சர்வீஸ் நிலையத்தில் வண்டியைக் கழுவும்போது முன்பக்கத்திலிருந்து நீரைப் பீய்ச்சுகிறார்கள். அதனால் கண்டென்சர் பளபளக்கும், அழுக்கு மேலும் பின்னால் போய் ரேடியேட்டரின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். எனவே ஃபேன் கூட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் மேல்பிடிகளை விடுவித்து, அதைச் சற்றே எஞ்சின் பக்கம் சாய்த்து, இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக நீவி, பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, சாதாரணத் தோட்டக் குழாயின் அழுத்தத்தில் நீர் விடுங்கள். அலுமினியத் தகடுகள் தாள்போல் மெல்லியவை. பிரஷர் வாஷர் பட்டால் வளைந்து, தூசி செய்த தீமையைவிடப் பெரிய தீமையாகிவிடும்.

கூடவே பார்க்க வேண்டியவை சில. ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் இருபுறத்திலும் மேலும் ஒட்டப்பட்டிருந்த ஸ்பாஞ்சுப் பட்டைகள் பழைய கார்களில் உதிர்ந்து போயிருக்கும். அவை இல்லையென்றால் முன்னால் வரும் காற்று ரேடியேட்டர் வழியே நுழையாமல் ஓரமாக நழுவிவிடும். நின்றிருக்கும்போது எஞ்சின் அறையின் சூடான காற்றே சுற்றிவந்து மீண்டும் முன்னால் நுழையும். சூடு தாங்கும் ஸ்பாஞ்சுப் பட்டையை அளந்து வெட்டி ஒட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இவ்வளவு குறைந்த செலவில் இதைவிடப் பயனுள்ள மேம்பாட்டை நான் அறியேன். பம்பருக்குக் கீழே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு, ஏதோ ஒரு டிங்கரிங் வேலைக்குப் பிறகு திரும்ப மாட்டப்படாமல் போயிருக்கலாம். அதையும் வாங்கிப் பொருத்துங்கள். எலிக்குப் பயந்து கிரில்லில் நெருக்கமான கம்பி வலை அடித்திருந்தால் அதை அகற்றுங்கள். எலி பெரும்பாலும் கீழிருந்து ஏறுகிறது. வலை தடுப்பதோ காற்றை.

அடுத்து ஃபேன். ஏசியைப் போட்டதும் அது சுழலத் தொடங்க வேண்டும். ஒரு தாளைக் கிரில் முன் பிடித்தால் தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளப்பட்டால், யாரோ மோட்டாரை மாற்றியபோது பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றி இணைத்திருக்கிறார்கள். டிசி மோட்டார் என்பதால் அது முறைப்பாடின்றித் தலைகீழாகச் சுழலும். இரண்டு வேகம் கொண்ட ஃபேன்களில் இன்னொரு குறை அடிக்கடி வரும்: குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோய், வெப்பம் மிகவும் ஏறிய பிறகு அதிவேகத்தில் மட்டும் ஃபேன் ஓடும். ஃபேன் சுழல்வதைப் பார்த்த பலரும் அது நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். ஃபேன் ஓடும்போது அதன் இணைப்பியில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். அங்கே கிடைக்கும் வோல்ட் பேட்டரி முனைகளில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், இடையில் துருப்பிடித்த இணைப்போ கருகிய ரிலேயோ இருக்கிறது. இந்த அளவு ஃபேன்கள் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுப்பவை. இணைப்பி இளகி நிறம் மாறியிருந்தால் தயங்காமல் புதிய இணைப்பியும் ரிலேயும் போடுங்கள். பேட்டரியிலிருந்து நேரடியாக, உரிய ஃபியூஸ் வழியே, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மின்சாரம் கொண்டுவந்தால், பழைய மோட்டாரே புதிதுபோல் இழுப்பதைக் காண்பீர்கள். காரின் கம்ப்யூட்டரே இந்த ஃபேனை இயக்கும் ஏற்பாட்டைத் துண்டித்துவிட்டு டாஷ்போர்டில் ஸ்விட்ச் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை மட்டும் பின்பற்றாதீர்கள். ஸ்விட்ச் வேண்டுமென்றால் அது கூடுதலாக இருக்கட்டும், மாற்றாக வேண்டாம். கண்டென்சருக்கு முன்னால் இரண்டாவது ஃபேன் வைப்பதும் நல்லதன்று. அது நெரிசலில் சிறிது உதவும். நெடுஞ்சாலையிலோ ஓடாமல் நின்று, வரும் காற்றை மறைக்கும்.

காற்றைச் சரிசெய்த பிறகு கூலன்ட். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு செய்தி உண்டு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் இருப்பதால், இங்கே திறந்த பாத்திரத்தில் நீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றின் அடர்த்தியும் சென்னையோடு ஒப்பிட்டால் சுமார் 8 விழுக்காடு குறைவு. ஆகவே அதே ஃபேன் அதே வேகத்தில் சுழன்றாலும் குறைவான எடையுள்ள காற்றையே இழுக்கிறது. கூலன்டுக்குப் பதிலாக வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டும் கார் இந்த ஊரில் இரட்டைத் துன்பத்துக்கு ஆளாகிறது. மகாதேவபுரா, ஒயிட்ஃபீல்டு பக்கத்து போர்வெல் நீரின் உப்பு எவ்வளவு என்பது உங்கள் கீசரின் கம்பியைப் பார்த்தாலே தெரியும்; அதே உப்புதான் ரேடியேட்டர் குழாய்களின் உட்புறத்திலும் படிகிறது. காவேரி நீர் அதைவிடத் தேவலை என்றாலும் அதிலும் குளோரைடு உண்டு. அது அலுமினியத்தை அரிக்கும். டிஸ்டில்ட் வாட்டரைத் தவிர வேறெந்த நீரும் உள்ளே போகக் கூடாது.

கூலன்டின் அடிப்படைப் பொருளான எத்திலீன் கிளைக்காலும் நீரும் பாதிக்குப் பாதி என்பது பொதுவான கலவை. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் நீரே சிறந்தது. கலவை அதில், எடைக்கு எடை, ஐந்தில் ஒரு பங்கு பின்தங்கியது. ஆனால் கொதிநிலையை உயர்த்துவதும், துருவைத் தடுப்பதும், பம்பின் சீலைக் காப்பதும் கிளைக்காலும் அதோடு சேர்ந்த வேதிப்பொருள்களும்தான். உறைபனி இல்லாத நம் ஊரில் கிளைக்கால் சற்றுக் குறைந்தாலும் கெடுதலில்லை; ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் துருத் தடுப்பு வலுவிழக்கும். கூலன்டின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பவை வெறும் சாயங்களே. இரண்டு நிறுவனங்களின் சிவப்பு ஒரே வேதியியல் ஆக வேண்டியதில்லை. கார் கையேட்டில் சொல்லியிருக்கும் வகையையே வாங்குங்கள். பழையதோடு வேறு வகை கலந்தால் சில நேரம் கூழாகித் திரண்டு குழாயை அடைக்கும்.

மாற்றும் வேலையைச் சொல்கிறேன். முந்தைய இரவே வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் எஞ்சின் முழுதும் குளிர்ந்த பிறகே மூடியைத் தொட வேண்டும். சூடான எஞ்சினின் மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்தவர்கள் உண்டு. இந்த ஒரு விதிக்கு விலக்கே இல்லை. சில கார்களில் சாவி எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுழலும் என்பதால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். அடியில் அகலமான டப்பை வைத்து, ரேடியேட்டரின் வடிகுழாயைத் திறந்தோ கீழ் ஹோஸைக் கழற்றியோ கூலன்டை வடியுங்கள். துருநிறமாக வந்தால், டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு, மீண்டும் வடியுங்கள். வடிவது தெளிவாகும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆசிட் கலந்த கிளீனர்களையும் காரச் சோடாவையும் அலுமினிய ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது.

இங்கேதான் பலரும் கணக்கில் தவறுகிறார்கள். வடிகுழாயைத் திறந்தால் ரேடியேட்டரில் இருப்பது மட்டுமே வெளியேறும். எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் இருப்பது அங்கேயே தங்கும். உங்கள் அமைப்பின் மொத்தக் கொள்ளளவு 4.5 லிட்டர் என்றும், வடிந்தது 2.5 லிட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். டிஸ்டில்ட் வாட்டரால் அலசி முடித்திருப்பதால் உள்ளே தங்கியிருப்பது 2 லிட்டர் வெறும் நீர். இப்போது கடையில் விற்கும், பாதிக்குப் பாதி கலந்தே வரும் கூலன்டை 2.5 லிட்டர் ஊற்றினால் அதில் கிளைக்கால் 1.25 லிட்டர்தான், மொத்தத்தில் அது 28 விழுக்காடு ஆகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. எனவே நீர் கலக்காத அடர் கூலன்டை 2.25 லிட்டரும் டிஸ்டில்ட் வாட்டரைக் கால் லிட்டரும் ஊற்றினால்தான் பாதிக்குப் பாதி வரும். உங்கள் காரின் கொள்ளளவு கையேட்டில் இருக்கும். வடிந்ததை அளந்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிரப்பும்போது மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். முன்சக்கரங்கள் சற்று உயர்ந்திருக்கும்படி, குடியிருப்பின் சாய்தளத்தில் வண்டியை ஏற்றி நிறுத்திச் செய்தால் காற்று எளிதில் மேலே வரும். மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரைப் போட்டு, எஞ்சினை ஐடிலில் விட்டு, குமிழ் வருவது நிற்கும் வரை மட்டத்தைச் சரிசெய்துகொண்டே இருங்கள். பிறகு மூடியைப் போட்டு ஃபேன் இரண்டு முறை சுழன்று நிற்கும் வரை ஓட்டுங்கள். சில கார்களில் காற்றை வெளியேற்றத் தனித் திருகு உண்டு. இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும். உள்ளே தங்கிய காற்றுக் குமிழ், எஞ்சின் பிளாக்கின் மேல் அமர்ந்திருக்கும் ஹெட்டின் மேற்பகுதியில் நின்றுவிட்டால், அவ்வளவு வேலையும் வீணாகும்.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது. தெரு நாய்களும் பூனைகளும் நக்கினால் சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. நம் பக்கத்து மழைநீர்க் கால்வாய்கள் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில்தான் போய் முடிகின்றன. அவை பட்ட பாடு போதும். மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு எண்ணெயை முறையாக ஒப்படைக்கும் ஒரு சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடி மலிவானது; ஆனால் வேலையில் பெரியது. குக்கரின் வெயிட்போல, அது உள்ளே அழுத்தத்தை நிறுத்திக் கொதிநிலையை உயர்த்துகிறது. 1.1 பார் அழுத்த மூடி சரியாக வேலை செய்தால், பெங்களூருவின் உயரத்திலும் பாதிக்குப் பாதிக் கலவை 125 டிகிரியைத் தாண்டியே கொதிக்கும்; ரப்பர் வெடித்த மூடியோ 107 டிகிரிக்குக் கீழேயே கொதிக்கவிட்டுவிடும். மூடியில் இன்னொரு சிறு வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது ரிசர்வ் பாட்டிலிலிருந்து கூலன்டைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வது அதன் வேலை. காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் அந்த வால்வு சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூடியை மாற்றும்போது அதே அழுத்த எண்ணில், நல்ல நிறுவனத்தினுடையதை வாங்குங்கள். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் ஒரே தோற்றத்தில் பல விலைகளில் கிடைக்கும். கூடுதல் அழுத்த மூடி மேம்பாடு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பன்னிரண்டு ஆண்டு வெயிலும் சூடும் கண்ட பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பு அந்தக் கூடுதல் அழுத்தத்தில் பிளந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி உங்கள் மெக்கானிக் சொன்னதற்கு வருவோம். அதைக் கழற்றினால் எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், தேய்மானம் கூடும். அது மட்டுமன்று. பல ஜப்பானிய வடிவமைப்புகளில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் குறுக்குவழியை அடைக்கிறது. தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்திருக்கும்; சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். கோடையில் ஏற்றத்தில் அப்படிப்பட்ட கார் முன்பைவிட அதிகமாகச் சூடேறக்கூடும். குறைந்த வெப்பத்தில் திறக்கும் தெர்மோஸ்டாட்டும் அமைப்பின் திறனைக் கூட்டாது. சூடேறுவதைச் சில நிமிடங்கள் தள்ளிப்போடும், அவ்வளவே.

சந்தேகமிருந்தால் கழற்றிச் சோதியுங்கள். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் எண் திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. முழுதாகத் திறக்க அதற்கு மேலும் 12 முதல் 15 டிகிரி வேண்டும். 82 என்று பொறித்தது பாத்திரத்திலேயே ஏறக்குறைய முழுதாகத் திறந்துவிடும். 88 என்று பொறித்தது முழுதாகத் திறக்க 100 டிகிரி வேண்டும். நம் ஊரில் நீர் 97-க்கு மேல் போகாது. ஆகவே அது அரைகுறையாகத் திறந்ததைக் கண்டு குறையுள்ளது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 12 ஆண்டுப் பழையதென்றால், சோதனையில் தேறினாலும் புதியதை ரப்பர் வளையத்தோடு போட்டுவிடுவது நல்லது. ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். நொறுநொறுத்தாலும் முனைகள் உப்பியிருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்பின் கீழ்த் துளையில் கசிவுத் தடம் இருந்தால் பம்பும் மாற வேண்டும். அது டைமிங் பெல்ட்டில் ஓடும் எஞ்சின் என்றால் அந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம்.

இவ்வளவும் முடிந்த பின்னும் தொப்பூரில் வெப்பம் 105-ஐத் தாண்டினால், அப்போது ரேடியேட்டரை எடுத்துக்கொள்ளலாம். பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டர்களைப் பிரித்துக் கம்பி விட்டு அடைப்பெடுத்துப் பற்றவைத்தார்கள். பிளாஸ்டிக் தொட்டி மடித்துப் பொருத்தப்பட்ட இன்றைய அலுமினிய ரேடியேட்டருக்கு அந்த வைத்தியம் ஒத்துவராது, புதிதுதான் வாங்க வேண்டும். முதலில் ஆலை அளவிலேயே புதிதாக ஒன்றைப் போடுங்கள். அடைப்பில்லாத புதியது, அடைத்த பழையதைவிடப் பெரியதாகவே வேலை செய்யும். அதற்கும் மேல் வேண்டுமானால், அதே மாடலின் டீசல் அல்லது ஆட்டோமேட்டிக் வகைக்குத் தடித்த ரேடியேட்டர் இருக்கிறதா, அதன் பிடிகள் பொருந்துமா என்று பாருங்கள். பல மாடல்களில் அது கிடைக்கும், ஃபேன் கூடும் அதற்கேற்ப அமைந்திருக்கும். மிகத் தடித்த பந்தய வகை ரேடியேட்டர் உங்களுக்கு வேண்டாம். தடிப்புக் கூடக் கூட அதன் வழியே காற்றை இழுப்பது கடினமாகும். 120 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று அதைச் செய்துவிடும், சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் காரில் ஃபேன் மட்டுமே செய்ய வேண்டும்.

வேலையை முடித்த பிறகு ஒரு மாதம், வாரம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில் ரிசர்வ் பாட்டிலின் மட்டத்தைப் பாருங்கள். முதல் சில நாள்களில் எஞ்சிய காற்று வெளியேறுவதால் சற்று இறங்கலாம். பிறகு நிலைத்துவிட வேண்டும். வெளியே எங்கும் கசிவு இல்லாமல் மட்டம் தொடர்ந்து இறங்கினாலோ, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் வழியே, எஞ்சினில் எரிந்த வாயு கூலன்டில் நுழைகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்க்கும் வாயுச் சோதனையை ஒரு நல்ல கராஜில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அது உறுதியானால், ரேடியேட்டருக்கென்று ஒதுக்கிய பணத்தை ஹெட் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறையை எந்த ரேடியேட்டரும் எந்த ஃபேனும் தீர்க்காது.